ஐந்தாவது குமிழ்

3 பிப்ரவரி 1991

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சௌக்கியமா என்று கேட்டால் நீ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவாய். அதனால் கேட்கவில்லை. நேரே வண்டிக்கு வருகிறேன்.

பொட்டலத்தில் பஞ்சுக்குள் இரண்டு சாமான்கள் இருக்கின்றன. வெள்ளையாய் இருப்பது டாஷ்போர்டின் நாலாவது குமிழ், வைப்பருக்கு. கறுப்பாய் இருப்பது பின்கதவில் கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடிக்கு. குழப்பிக்கொள்ளாதே. ஆஷ்ட்ரே மூடிக்கு நான் அனுப்பிய திருகாணியைக் கம்மல் திருகாணி என்று நினைத்து உன் பெண்டாட்டியிடம் கொடுத்தவன் நீ. அவளும் ஒரு வாரம் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

நீ அனுப்பிய அச்சு பரவாயில்லை. பல் அச்சு எடுக்கும் மாவைப் பிசைந்து, குமிழ் கழன்ற தண்டின் மேல் அழுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து இழு என்று இரண்டு வருஷமாய்ச் சொல்கிறேன். நீ மூன்றாவது நிமிடமே இழுத்துவிடுகிறாய். அச்சைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல் செட் செய்கிறவளிடம் எதையும் மறைக்க முடியாதடா. யார் ஒரு பக்கமாய் மெல்லுகிறார், யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்பதெல்லாம் அதில் விழுந்திருக்கும்.

குமிழை வழவழவென்று புதிதாய்ச் செய்யவில்லை. பழைய குமிழின் உடைந்த துண்டில் அப்பாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பள்ளம் இருந்ததே, அதையும் அப்படியே வைத்திருக்கிறேன். முதலாளி பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இவ்ளோ பெரிய கடைவாய்ப் பல்லு?" என்றார். "எங்கப்பா காருக்கு" என்றேன். மனிதர் சிரிக்கவே இல்லை.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அப்பா ஸ்டேஷன்வரை இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பெட்டியை எடுத்த பிறகு, "எப்ப வந்தாலும் இதுலதான் வந்து கூட்டிட்டுப் போவேன்" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. காரியத்துக்குக்கூட வந்து சேரமுடியவில்லை. அவர் சொன்னதை இப்போது நீ ஏற்றுக்கொண்டிருக்கிறாய். உள்ளே எல்லாம் சரியானதும் இதே வண்டியில் ஸ்டேஷனுக்கு வருவதாய் எழுதிய உன் கடிதத்தைப் பத்திரமாய் வைத்திருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு குமிழ்தான் பாக்கி.

வண்டியை உள்ளே ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். எத்தனை தடவை கேட்பது?

அன்புடன்,
அக்கா


27 பிப்ரவரி 1991

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலம் வந்தது. கறுப்பையும் வெள்ளையையும் குழப்பவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

வைப்பர் குமிழைப் போட ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. குமிழ் உடனே உட்கார்ந்துவிட்டது. அதைப் பிடிக்கும் ஸ்க்ரூ, அரிசி அளவு இருக்குமே, அது கையிலிருந்து நழுவி சீட்டுக்கு அடியில் ஓடிவிட்டது. குப்புறப் படுத்துத் தேடினேன். கிடைத்தவை: ஒரு சோழி, நடுவில் வண்டியை வைத்திருந்த டாக்டர் அம்மாவின் கொண்டை ஊசி, பள்ளி நாளில் நீ தொலைத்துவிட்டு என்மேல் பழி போட்ட பச்சைப் பென்சில். ஸ்க்ரூ கடைசியில் என் சட்டைக் காலரில் இருந்தது. பென்சிலுக்காக வாங்கிய அடியை எப்போது திருப்பித் தருவாய்?

முடித்துவிட்டு அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தேன். நாலு குமிழும் வரிசையாய், விளக்கு, உள்விளக்கு, ஹீட்டர், வைப்பர். ஐந்தாவது இடத்தில், வண்டியைக் கிளப்ப இழுக்கும் சோக்கின் தண்டு மட்டும் மொட்டையாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி. மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். "எஞ்சினைப் பத்திக் கவலைப்படாதீங்க சார், நான் பாத்துக்கறேன். ஆனா இந்தக் குமிழெல்லாம் எங்க சார் வாங்கினீங்க?" என்றார். "எங்கக்கா பல் கட்டுறவங்க" என்றேன். அவர் தன் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் சின்ன கஷ்டம். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்கிறார்கள். வேறு பிள்ளைகள் இல்லாததால் இங்கே கூட்டிவந்திருக்கிறோம். இருக்கிற இரண்டு அறையில் ஒன்று அவருக்கு. நானும் பிள்ளைகளும் கூடத்தில். எனக்கு வண்டியின் பின்சீட்டுதான் இப்போது நிம்மதி. பள்ளி அலுவலகத்திலிருந்து வந்ததும் ஷெட்டுக்குப் போய் அரை மணி நேரம் சாய்ந்துகொள்கிறேன். இவள் வந்து கதவைத் தட்டுகிறாள், "வண்டி எந்த ஊரு தாண்டிருச்சு?" என்று.

போட்டோ எடுக்க கேமராக்காரரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறேன்.

உன் அன்புத் தம்பி


24 மார்ச் 1991

அன்புள்ள தம்பிக்கு,

பச்சைப் பென்சிலை உன் பையில் நான் பார்த்தேன். பார்த்ததாகத்தான் இப்போதும் நினைவு. சரி, கிடைத்துவிட்டதல்லவா, வழக்கை முடித்துக்கொள்வோம்.

உன் மாமியாரை நினைத்தால் பாவமாய் இருக்கிறது. உன் பெண்டாட்டியிடம் சொல், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். திருப்பித் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.

இத்துடன் அச்சு மாவு இரண்டு டப்பா வைத்திருக்கிறேன். ஒன்று சோக்குக்கு. இன்னொன்று நீ முதலாவதைப் பாழாக்கினால். தண்டைத் துடைத்துவிட்டு எடு. ஐந்து நிமிடம். பொறுமையில்லை என்றால் ஒன்றிலிருந்து முன்னூறு வரை எண்ணு.

ஒரு விஷயம். யோசித்து யோசித்து முடிவு செய்துவிட்டேன். நான் திரும்பி வந்துவிடுகிறேன். பார்த்துவிட்டுப் போக இல்லை, மொத்தமாய். என் வலது கை கொஞ்ச நாளாய் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேஜைக்குப் போகிறது. பெரிதாய் ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழிலில் மயிரிழை பிசகினால் ஒருவர் வாய் புண்ணாகிவிடும். முதலாளி நல்லவர், லேசான வேலையாய்க் கொடுக்கிறார். எத்தனை நாள் கொடுப்பார்?

எனக்கு அறை கிறை எதுவும் வேண்டாம். ஷெட்டில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறதல்லவா, அது போதும். காலையில் எழுந்ததும் நான் கதவைத் திறந்து நாலு பக்கமும் கண்ணாடியை இறக்கிவிடுவேன். சாயங்காலம் நீ வந்து சாய்ந்துகொள். வாடகை கேட்கமாட்டேன்.

குமிழ் முடிந்ததும் டிக்கெட் எடுக்கிறேன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா. வேறு யாரும் வேண்டாம். நான் முன்சீட்டில் உட்கார வேண்டும்.

அன்புடன்,
அக்கா


19 ஜூன் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பள்ளியில் புதுச் சேர்க்கை, வேலை தலைக்கு மேல். மழையும் விடாமல் பெய்கிறது. மாமியார் அப்படியே இருக்கிறார்.

சோக்கின் அச்சை எடுத்து அனுப்பியிருக்கிறேன். முன்னூறு எண்ணினேன்.

நீ வருவது குறித்து எல்லோருக்கும் சந்தோஷம். அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதே. கைக்கு நல்ல டாக்டராய்ப் பார். அங்கே இருக்கிற வசதி இங்கே இல்லை. ஆற அமர யோசித்துச் செய். ஷெட்டில் கொஞ்சம் மராமத்து வேலை நடக்கிறது.

வண்டி நன்றாக இருக்கிறது.

தம்பி


10 ஜூலை 1991

அன்புள்ள தம்பிக்கு,

இது என்ன கடிதம்? பள்ளியில் லீவு கொடுக்கும் கடிதம் இதைவிட நீளமாய் இருக்கும்.

அச்சு கிடைத்தது. இந்த முறை உண்மையாகவே முன்னூறு எண்ணியிருக்கிறாய், ஓரமெல்லாம் கூர்மை. ஆனால் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு எடுத்திருக்கக் கூடாதா? மாவில் சமையல் எண்ணெய் வாசனை. தண்டும் மற்ற நாலைப் போல முழு உருண்டை இல்லை, ஒரு பக்கம் தட்டையாய் அரைநிலா மாதிரி இருக்கிறது. டாக்டர் வீட்டில் இருந்தபோது யாரோ சோக்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போல. அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அந்த மெக்கானிக்கை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

குமிழை முடித்துவிட்டேன். கை ஒத்துழைக்கவில்லை, நாலு தடவை பாழாகி ஐந்தாவதில் வந்தது. அப்பாவின் பள்ளம் இதில்தான் நன்றாய் வந்திருக்கிறது. மற்றதையெல்லாம் விட அவர் அதிகம் இழுத்தது இதைத்தானே. குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வண்டி செருமி எழுந்திருக்கும்வரை "வாடா வாடா" என்பாரே, வண்டியைக் கூப்பிடுகிறாரா உன்னைக் கூப்பிடுகிறாரா என்று தெரியாமல் நீ ஓடி வருவாய்.

நவம்பர் 12க்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இனி நீ என்ன எழுதினாலும் மாற்றுவதாய் இல்லை.

பொருந்துகிறதா என்று உடனே எழுது. இந்த ஒரு பதிலுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


14 ஜூலை 1991
(அஞ்சலட்டை)

தம்பி, பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். குமிழில் துளை போட மறந்து அனுப்பிவிட்டேன். அடிப்பக்கம் மொழுக்கென்று இருக்கும். நீ தண்டில் வைத்து அழுத்து அழுத்து என்று அழுத்தி உடைத்துவிடாதே. அங்கேயே கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர் யாரிடமாவது கொடுத்து, அரைநிலா வடிவில் துளை போட்டுக்கொள். ஆழம் சுண்டுவிரல் நகம் அளவு. வயசாகிவிட்டது எனக்கு, திட்டாதே. அக்கா.


25 ஜூலை 1991

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பொட்டலம் நேற்றுத்தான் வந்தது. உடனே ஷெட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுவிட்டேன். கச்சிதம்! கையால் வைத்தேன், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இழுத்தேன், தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போய் வருகிறது. உன்னைப் போல் யாரால் செய்ய முடியும்? இவளும் வந்து இழுத்துப் பார்த்தாள். "அண்ணி கைய கண்ணுல ஒத்திக்கணும்" என்றாள்.

ஐந்தும் வரிசையாய் நிற்கின்றன. அப்பா இருந்திருக்க வேண்டும்.

நவம்பரைப் பற்றி விவரமாய்ப் பிறகு எழுதுகிறேன்.

உன் அன்புத் தம்பி


1 ஆகஸ்ட் 1991

அக்கா,

உன் அஞ்சலட்டை இன்று வந்தது. பள்ளிக்குப் போகவில்லை. காலையிலிருந்து இதற்கு முன் நாலு தாள் கிழித்துவிட்டேன்.

வண்டி இல்லை.

ஏப்ரலில் மாமியாருக்கு முதுகில் புண் வந்துவிட்டது. அந்த அறையில் காற்றே கிடையாது. எல்லோருமாய்ப் பேசி, ஷெட்டுக்கு ஜன்னல் வைத்து அறையாக்கி அவரை அங்கே படுக்கவைப்பது என்று முடிவாயிற்று. முடிவாயிற்று என்ன, நான்தான் சரி என்றேன். வண்டியைத் தள்ளித் தெருவில் நிறுத்தினோம். பத்து நாளில் வேறு இடம் பார்க்கலாம் என்று நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. தெருவுக்கு இடைஞ்சல் என்று யாரோ எழுதிப் போட்டு, நகராட்சி லாரி வந்து இழுத்துப்போய்விட்டது.

இழுத்துப்போனதோடு முடிந்திருந்தால் அவர்கள்மேல் பழியைப் போட்டிருப்பேன். அப்படி இல்லை அக்கா. பிடித்த வண்டிகளைப் போட்டுவைக்கும் நகராட்சி யார்டுக்கு நான் போனேன். வண்டி முழுசாய் நின்றுகொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல உடைக்கிறதுக்கு எழுதிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்கள். எடுத்துக்கொண்டு எங்கே போவேன்? மழையில் நின்று யோசித்துப் பார்த்தேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். பள்ளியில் தினம் ஐம்பது தாளில் போடுகிற அதே கையெழுத்துத்தான்.

நாலு குமிழையாவது கழற்றியிருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோகவில்லை. நாளைக்கு எடுத்துக்கொண்டு வரலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போனபோது அந்த இடத்தில் வேறு வண்டி நின்றது.

நீ அச்சு கேட்டாய். நான் சமையலறைக்குப் போய் கேஸ் அடுப்பின் திருகுக் குமிழைக் கழற்றி, அந்தத் தண்டில் மாவை அழுத்தினேன். எண்ணெய் வாசனை அதுதான். இவள் பார்த்துவிட்டு, "இதுக்கு அண்ணிகிட்ட உண்மையையே சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உன் பொட்டலம் வந்தபோது பிரிக்கக்கூடக் கை வரவில்லை. பிரிக்காமலேதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். இவள் வாயில் நான் வைத்த பேச்சும் பொய். அவளைத் தப்பாய் நினைக்காதே.

நீ எப்படியும் வந்துவிடு. கூடத்தில் கட்டில் போடலாம். பிள்ளைகள் கீழே படுத்துக்கொள்வார்கள். ஸ்டேஷனுக்கு ஆட்டோவிலாவது வருகிறேன். திட்டு, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுது.

தம்பி


20 ஆகஸ்ட் 1991

தம்பிக்கு,

திட்டவில்லை. உட்கார்ந்து திட்டலாம் என்றுதான் தாளை எடுத்தேன். வரவில்லை.

படுத்த படுக்கையாய் இருக்கிறவருக்குக் காற்றும் இடமும் வேண்டும். வண்டிக்கு வேண்டாம். நான் அங்கே இருந்திருந்தாலும் வெளியே தள்ளியிருப்பேன், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன்.

நானும் யோக்கியம் இல்லை. துளை போட மறக்கவில்லை. ஏப்ரலிலேயே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்த பல் செட் வாயைக் கிழித்துவிட்டது. துளை போடும் மெஷின் அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன். குமிழைச் சமையலறையில் வைத்து அரத்தால் தேய்த்துத்தான் முடித்தேன். உன் அடுப்பில் எடுத்த அச்சுக்கு என் அடுப்பங்கரையில் குமிழ். நல்ல அக்கா, நல்ல தம்பி.

துளை போடவில்லை என்று எழுதினால் ஏன் என்று கேட்பாய், அதனால் மறந்துவிட்டேன் என்று எழுதினேன். அந்த ஒரு பொய்தான் உன் பொய்யைப் பிடித்தது.

வண்டி போனது எனக்குப் பெரிதில்லை. "இழுத்தேன், தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போய் வருகிறது" என்று எழுதினாயே, அதுதான் பெரிது. அவ்வளவு அழகாய் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று, அஞ்சலட்டையை மறந்து, ஒரு நிமிடம் நானே நம்பினேன். பிறகு உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். விளக்குக் குமிழ் பொருந்தியது உண்மையா? சட்டைக் காலரில் ஸ்க்ரூ இருந்தது உண்மையா? அப்பா கடைசியில் என்னைக் கேட்டார் என்று ஆறு வருஷத்துக்கு முன் எழுதினாயே, அது? உண்மையாய்த்தான் இருக்கும். ஆனால் இனி எதைப் படித்தாலும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கத் தோன்றுகிறது. இப்படிப் பார்க்கிறவளாய் நான் இருக்க விரும்பவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே ஒருவர் படுத்திருக்கிற வீட்டில், டம்ளர் பிடிக்க முடியாத இன்னொருத்தி எதற்கு? உன் பெண்டாட்டி பாவம். இந்த அறையையும் இம்மாதம் காலி செய்கிறேன். போகிற இடம் நிலையானால் எழுதுகிறேன்.

யோசித்துப் பார், இந்த இரண்டு வருஷமாய் நாம் வண்டியைத் தவிர எதைப் பற்றி எழுதினோம்? இனி என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்.

அக்கா


2 டிசம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

செப்டம்பரில் எழுதியது திரும்பி வந்தது. அக்டோபரில் எழுதியதும் திரும்பி வந்தது. உறையின் மேல் யாரோ நீ அங்கே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். உன் பழைய முதலாளிக்கு எழுதினேன், பதில் இல்லை. இதையும் அதே முகவரிக்குத்தான் போடுகிறேன். வேறு முகவரி எனக்குத் தெரியாது.

நவம்பர் 12 அன்று ஸ்டேஷனுக்குப் போனேன். நீ டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தது தெரிந்துதான் போனேன். ரயில் வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், போனார்கள். கூட்டிப் பெருக்க வந்தவர், "யாருக்காவது நிக்கறீங்களா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா உன்னைக் கேட்டது உண்மை. இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை, "வந்துட்டாளா?" என்றார். நான் "வந்துட்டிருக்கா" என்றேன். என் பொய் அங்கே ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

மாமியார் நவம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டிலை எடுத்து, அறையைக் கழுவிவிட்டோம். ஷெட் காலியாய் இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது. கட்டில் போட்டால் காலையில் வெளிச்சம் கால்மாட்டில் விழும். யாரும் அங்கே படுப்பதில்லை.

உன் பொட்டலத்தைப் பிரித்தேன். நீ சொன்ன மாதிரி அடிப்பக்கம் மொழுக்கென்று இருக்கிறது. மேலே அப்பாவின் பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்தேன். பொருந்துகிறது அக்கா. இது உண்மை. கண்ணெதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டாவது டப்பா மாவு அப்படியே இருந்தது. ஷெட்டின் புதுக் கதவுக்குக் கைப்பிடி ஆடி ஆடி விழுந்துவிட்டது, தண்டு மட்டும் நிற்கிறது. துடைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, முன்னூறு எண்ணி அச்சு எடுத்திருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன். கை முடிகிற அன்றைக்குச் செய்தால் போதும், அவசரம் இல்லை. கோணலாய் இருந்தாலும் பரவாயில்லை.

அளவு சரியாய் இருக்கும். இந்த முறை கதவு இங்கேதான் இருக்கிறது.

உன்
தம்பி